குழு விவாதம்தான் அளவுகோலா?

ஆசிரியருக்கு,

நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும் கல்லூரி வளாகத் தேர்வுகள் குறித்த தங்கள் செய்தி கண்டேன். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ போன்ற திறன் பயிற்சித் திட்டங்கள் மாணவர்களை நேர்முகத்துக்குத் தயார்செய்வது நல்லதே. ஆனால், பிறரோடு பேசிப் பழகுவதைக் கடினமாக்கும் ஆட்டிசம், எழுதப் படிக்கச் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்களை வடிகட்டுவதும் நேர்முகம், குழு விவாதம் ஆகிய பேச்சுச் சுற்றுகள்தான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களையும் அரசு வேலை இடஒதுக்கீட்டில் சேர்த்துள்ளது. தனியார் வளாகத் தேர்விலோ அந்தப் பேச்சே எழுவதில்லை. நான் பணியாற்றிய கல்லூரியில், நிரல் எழுதும் தேர்வில் முதலிடம் பெற்ற ஆட்டிசம் உள்ள மாணவர், குழு விவாதத்தில் (கூச்சல் என்பதே பொருத்தம்) வாய் திறக்காததால் நிராகரிக்கப்பட்டார். அந்த வேலையோ, நாள் முழுதும் கணினி முன் தனியே அமர்ந்து செய்வது!

விரும்பும் மாணவருக்குக் குழு விவாதத்துக்குப் பதிலாகச் செய்முறைப் பணி ஒன்றைத் தரவும், நேர்முகக் கேள்விகளின் தலைப்புகளை முன்கூட்டியே அனுப்பவும் வளாகத்துக்கு வரும் நிறுவனங்களிடம் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் வலியுறுத்த வேண்டும்.

- ஓய்வுபெற்ற விரிவுரையாளர், திருச்சி