வரைந்தவர் அங்கே போகவில்லை என்பதையும் எழுதுங்கள்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பழைய அச்சுப்படங்களைப் பேணும் காப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் பொறுப்பில் நடந்த கண்காட்சியில், பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஸ்ட்ராடானஸ் வரைந்து, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் கல்லே குடும்பத்தார் அச்சிட்ட 'அமெரிக்கா' படத்தைப் பார்த்தேன். அமெரிக்காவுக்குப் பெயர் வரக் காரணமான கடலோடி வெஸ்பூச்சி கொடியோடு நிற்க, வலைத் தூளியிலிருந்து அம்மணமாக ஒரு பெண் எழுந்து அவரை நோக்கிக் கை நீட்டுகிறாள். அவள்தான் அமெரிக்கக் கண்டமாம். பக்கத்திலிருந்த குறிப்பில் ஓவியர் பெயர், காகித அளவு, 'புதிய உலகின் கண்டுபிடிப்பு' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இருவருக்கும் நடுவே, தொலைவில், சிலர் மனிதக் காலைத் தீயில் வாட்டுகிறார்கள். அங்கே எல்லாரும் மனிதரைத் தின்பார்களா என்று ஒரு பள்ளிச் சிறுவன் கேட்டான். ஆசிரியை உங்கள் குறிப்பைத்தான் பார்த்தார். அதில் அவருக்கு உதவ ஒரு சொல்கூட இல்லை.

ஸ்ட்ராடானஸ் அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. இத்தாலியின் புளோரன்சை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்கு வேலை செய்தவர் அவர். வெஸ்பூச்சியும் அந்த ஊர்க்காரர். வெஸ்பூச்சி 1512இல் இறந்துவிட்டார், படமோ 1580களின் இறுதியில் வரைந்தது. ஊர்ப் பெருமைக்கான படம் என்பது உங்களுக்குத் தெரியாததா? தூளி, இறகுத் தொப்பி, மரத்தில் சாய்த்த தண்டாயுதம் எல்லாம் பிரேசில் கடற்கரையின் துப்பினம்பா மக்களுடையவை. போர்க்கைதிகளைக் கொல்லும் சடங்கென்று பயணிகள் எழுதியது, இங்கே ஒரு கண்டத்தின் அன்றாடச் சமையலாகிவிட்டது. இதைச் சொல்ல மூன்று வரி போதும். அந்த மூன்று வரியைத்தான் கேட்கிறேன்.

இந்த ஒரு படத்தோடு முடிவதில்லை. நிலப்பட வல்லுநர் ஆர்டேலியஸின் 1570 நிலப்பட நூல் முகப்பில் கண்டங்கள் பெண்களாக நிற்கின்றன: ஐரோப்பா மகுடத்தோடு மேலே, அமெரிக்கா வெட்டிய தலையோடு கீழே. மாக்சிமிலியன் பேரரசரின் ஊர்வலப் படங்களில், நமக்குப் பக்கத்திலுள்ள கோழிக்கோட்டு மக்கள் என்று ஜெர்மன் ஓவியர் பர்க்மைர் வரைந்தவர்களில் சிலர் அமெரிக்க மக்களைப் போல இறகு உடை கட்டி, அமெரிக்கப் பயிரான மக்காச்சோளக் கதிரோடு வருகிறார்கள். எந்தத் தூரதேசமானாலும் ஒன்றுதான் என்ற அந்த அலட்சியம் ஐந்நூறு ஆண்டு கழிந்தும் குறிப்பில்லாமல் தொங்குவது எனக்குக் கோபமூட்டுகிறது.

படங்களை மறைக்கச் சொல்லவில்லை. அவற்றின் செதுக்குவேலை அபாரமானது. வரைந்தவர் அங்கே போனாரா, யாருடைய பொருள்களைப் பார்த்து வரைந்தார் என்பதைப் படத்தருகே எழுதுங்கள். துப்பினம்பா மக்கள் இன்றும் இருக்கிறார்கள். 1689 முதல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்த அவர்களுடைய இறகு மேலாடை 2024இல்தான் பிரேசில் திரும்பியது. அவர்களையும் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. அடுத்த கண்காட்சிக்கு முன் இதைச் செய்யுமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளர்