எண்பத்து மூன்றாவது அழைப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். உன் நலம் அறிய ஆவல்.

பதினொரு நாட்களுக்கு முன், நள்ளிரவு தாண்டி நீ அனுப்பிய ஒற்றை வரிக் கேள்வியைப் பலமுறை படித்துவிட்டேன். "அப்பா, கோல்ட் காலிங் உண்மையிலேயே பலன் தருமா?" என்று, முன்பின் அறியாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து விற்கப் பார்க்கும் முறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறுநாள் காலையில் கண் விழித்ததும் "தரும், விடாமல் செய்" என்று பதில் அனுப்பினேன். அதன் பிறகு உன்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்தப் பதிலை நான் யோசித்து எழுதவில்லை. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி நாவில் படிந்துபோன பதில் அது. நீ கேட்டது சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் நடத்துகிறவரின் கேள்வி. அதற்கு உரிய பதிலை எழுத எனக்கு இத்தனை நாட்கள் ஆகிவிட்டன.

நான் நகலெடுக்கும் இயந்திரம் விற்ற காலத்தில் மேசைமேல் இருந்த தொலைபேசி ஒலித்தால் மறுமுனையில் யார் என்பது எடுத்துப் பேசும் வரை எவருக்கும் தெரியாது. அந்த அறியாமைதான் எங்களுக்கு மூலதனம். எடுக்காமல் விட்டால் மேலதிகாரியின் அழைப்போ வீட்டிலிருந்து வரும் அவசரச் செய்தியோ தவறிவிடும் என்பதால் எல்லோரும் எடுத்தார்கள். டெலிபோன் டைரக்டரியைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, வரவேற்பில் இருப்பவரைத் தாண்டி, நகலெடுக்கும் இயந்திரம் வாங்கும் முடிவை எடுப்பவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. இன்று உன் எண் திரையில் தெரிகிறது. பல கைபேசிகளில் அதன் பக்கத்திலேயே 'ஸ்பேம்' என்ற முத்திரையும் தெரிகிறது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2020-இல் கேட்டபோது, அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பொதுவாக எடுப்பதாகச் சொன்னவர்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. நீ வாய் திறப்பதற்கு முன்பே ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது என்பதை நான் அன்று காலையில் நினைத்துப் பார்க்கவில்லை.

உன் கேள்விக்குப் பிறகு தேடிப் படித்ததில் இன்னொரு கணக்கும் கிடைத்தது. பேய்லர் பல்கலைக்கழகத்தின் கெல்லர் மையம், வீடு விற்பனை முகவர்கள் முன்பின் அறியாதவர்களுக்குச் செய்த 6,264 அழைப்புகளைப் பதிவு செய்து பார்த்தது. எடுத்துப் பேசப்பட்டவை 28 விழுக்காடு. 209 அழைப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் ஒரு சந்திப்போ ஒரு பரிந்துரையோ கிடைத்தது. அது விற்பனை அல்ல என்பதைக் கவனி. உட்கார்ந்து பேச ஒருவர் சம்மதித்தார், அல்லது இன்னொருவரின் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். அனுபவம் உள்ளவர்கள் செய்தும் வந்த கணக்கு அது.

இதைப் படித்துவிட்டு இந்த முறையே பயனற்றது என்று நீ முடிவு கட்டிவிடக் கூடாது. வீடு விற்பதும், சிறு தொழிற்சாலைகளுக்கு நீ இருப்புக் கணக்கு மென்பொருள் விற்பதும் ஒன்றல்ல. வீட்டில் ஓய்வாக இருக்கும் ஒருவரை அழைப்பது தொந்தரவு. சரக்கு எங்கே போனது என்று தினமும் தேடிக்கொண்டிருக்கும் தொழிற்சாலை மேலாளரை அழைப்பது, சரியான வேளையில் அழைத்தால், உதவி. ஒரு வாடிக்கையாளர் உன்னிடம் எத்தனை ஆண்டுகள் இருப்பார், அதனால் உனக்கு எவ்வளவு மிஞ்சும், அவரைக் கொண்டுவர எத்தனை மணி நேரப் பேச்சு செலவாயிற்று என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுகள் நிலைத்திருப்பவர் என்றால் இருநூறு அழைப்புகளும் தகும். மூன்று மாதங்களில் விலகிப் போகிறவர் என்றால் இருபது அழைப்புகளே நஷ்டம். ஆகையால் எழுதி வை. எடுத்தவர் எத்தனை பேர், பேசியவர் எத்தனை பேர், மறுபடி அழைக்கச் சொன்னவர் எத்தனை பேர் என்று அன்றன்றே எழுதி வை. நீ எழுதுவதில்லை என்று உன் தம்பி சொன்னான். பத்தாம் வகுப்பில் என் நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தவள் நீ. உனக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்களை மொத்தமாக விலைக்கு வாங்காதே. அந்தப் பட்டியலை உனக்கு விற்றவர் உனக்கு முன் பலருக்கு விற்றிருப்பார். அதில் உள்ளவர்கள் அத்தனை பேரிடமும் எரிச்சல்பட்டு முடித்த பிறகுதான் உன் முறை வருகிறது. சட்டமும் இருக்கிறது. அழைக்க வேண்டாம் என்று சொன்னவர்களுக்கான பதிவேடு அமெரிக்காவில் 2003-இல் வந்தது, இந்தியாவில் 2007-இல் வந்தது. ஜெர்மனியிலோ நுகர்வோர் ஒருவரை அவருடைய முன் ஒப்புதல் இல்லாமல் விற்பனைக்காக அழைப்பதே சட்டவிரோதம். எங்கே அழைத்தாலும் அங்குள்ள விதியைப் படித்துவிட்டு அழை. யார் எங்கிருந்து சேர்த்தார்கள் என்று தெரியாத எண்ணை அழைக்காதே. ஆயிரம் எண்களைவிட, நீயே விசாரித்துத் தெரிந்துகொண்ட முப்பது பெயர்கள் மேல். ஒரு தொழிற்சாலை புதிதாகக் கிடங்கு திறந்திருக்கிறது, ஒன்று கணக்காளரைத் தேடி விளம்பரம் கொடுத்திருக்கிறது என்றால், அந்த ஆளை அந்த வாரத்தில் அழைக்க உனக்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் இருபது வினாடிக்குள் அந்தக் காரணத்தைச் சொல்லிவிடு. பேச நேரம் இருக்கிறதா என்று கேள். இல்லை என்றால் எப்போது அழைக்கலாம் என்று கேட்டு, அதே நேரத்தில் அழை. உன் மென்பொருளின் பெருமைகளை அப்போது பேசாதே. அவருடைய இடத்தில் சரக்கு எப்படி எண்ணப்படுகிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேள். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னவரை மறுபடி அழைக்காதே.

இவற்றையெல்லாம் நீ என்னைவிட நன்றாகவே செய்வாய். முதல் மூன்று வாடிக்கையாளர்களை எவர் துணையும் இல்லாமல் பிடித்தவள் நீ. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்குகிறாய் என்பதை எங்களுக்கு முன் உன் தம்பிக்குச் சொன்னாய் என்பதில் உன் அம்மாவுக்கு இன்னும் ஆறாத மனத்தாங்கல் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் அந்த மூன்று பெயர்களையும் நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது.

உன் தம்பி இன்னொன்றும் சொன்னான். உன் இணையதளத்தின் வழியாகத் தாமாகவே விவரம் கேட்டு எழுதுகிறவர்களுக்கு மூன்று நாட்கள் கழித்துத்தான் பதில் போகிறது என்றான். நீ காலை முதல் மாலை வரை அறியாதவர்களை அழைத்துக்கொண்டே இருப்பதால் அதற்கு நேரமில்லை என்றான். இதைக் கேட்டு எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2011-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இணையத்தில் விவரம் கேட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொள்ள முயன்ற நிறுவனங்கள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் தாமதித்தவற்றைவிட, முடிவெடுக்கும் நிலையில் உள்ளவருடன் பொருளுள்ள பேச்சு நடத்தும் வாய்ப்பை ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாகப் பெற்றன என்கிறது. கதவைத் தட்டுகிறவரை வாசலில் நிறுத்திவிட்டு நீ ஊரார் கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். இரண்டு மேசைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்றும் அவன் சொன்னான். அவற்றில் உட்கார்ந்து அழைத்துக்கொண்டிருந்த இருவரும் இப்போது எங்கே என்று நான் அவனிடம் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கப்போவதில்லை.

ஏன் இப்படி அழைத்துக்கொண்டே இருக்கிறாய் என்று மட்டும் யோசித்தேன். யோசித்தபோது, உன் அலுவலகத்தைக் காட்ட நீ அனுப்பிய புகைப்படத்தில் உன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்த 83 என்ற எண் நினைவுக்கு வந்தது.

அந்தக் கதையை நான் உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அந்த மோசமான ஆண்டில், ஒரே நாளில் எண்பத்திரண்டு பேர் மறுத்த பிறகு, குரல் கம்மிப்போன நிலையில் எண்பத்து மூன்றாவதாக அழைத்தேன், அந்த அழைப்பில்தான் நம் குடும்பத்தை நிமிர்த்திய அந்தப் பெரிய ஆர்டர் கிடைத்தது என்று விருந்தினர் வந்த போதெல்லாம் சொன்னேன். நீ கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது அதையே கட்டுரையாக எழுதினாய். நான் திருத்திக் கொடுத்தேன்.

அது நடக்கவில்லை, அம்மா. எண்பத்து மூன்றாவதாக நான் அந்த நிறுவனத்தை அழைத்தது உண்மை. மேலாளர் அரை நிமிடம் கேட்டார், தொலைபேசியை வைத்துவிட்டார். நான்கு நாட்கள் கழித்து அவரே வரச்சொல்லி ஆள் அனுப்பியதற்கு அந்த அழைப்பு காரணமல்ல. உன் அம்மா வேலை பார்த்த அலுவலகத்தில், தணிக்கைக்கு முந்தைய இரவு இயந்திரம் நின்றுபோனபோது நான் போய் விடியும் வரை இருந்து சரிசெய்துவிட்டு வந்தேன் அல்லவா, அந்த அலுவலகத்தின் கணக்கு அதிகாரிக்கு அந்த மேலாளர் நெருங்கிய நண்பர். என்னைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று உன் அம்மா எனக்குத் தெரியாமல் போய்க் கேட்டிருக்கிறாள். நான் மேலாளரின் எதிரே போய் உட்கார்ந்தபோது, "உங்கள் கம்பெனியிலிருந்து யாரோ ஒருவர் போன் செய்து தொந்தரவு செய்கிறார், இனி அழைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்" என்றார். சொல்லிவிடுகிறேன் என்று நான் பதில் சொன்னேன். அது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை, கடைசிவரை.

மனைவி போய்க் கேட்டதால் கிடைத்த ஆர்டர் என்று சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு நீல அட்டை நோட்டில் 83 என்ற எண்ணுக்கு எதிரே 'ஆர்டர்' என்று எழுதினேன். முதலில் மேலதிகாரியிடம் சொன்னேன், பிறகு நண்பர்களிடம், பிறகு பிள்ளைகளிடம். உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். அவள் ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. என் பெருமைக்காகச் சொன்ன பொய்யை உண்மை என்று நம்பி நீ ஒரு தொழிலை அதன்மேல் நிறுத்தியிருக்கிறாய், அது ஆடும்போதும் இன்னும் எண்பத்து மூன்று வரவில்லை என்று நினைத்து அழைத்துக்கொண்டே இருக்கிறாய் என்று தோன்றிய நாளிலிருந்து என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அதற்கு மேலும் "விடாமல் செய்" என்று எழுதி அனுப்பினேன்.

சென்ற வாரம் நோட்டுகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு மனசாட்சியோடு எண்ணினேன். ஓய்வுபெறும் வரை எனக்கென்று அமைந்த வாடிக்கையாளர்கள் அறுபத்தொரு பேர். அவர்களில் முன்பின் அறியாமல் அழைத்து, அந்த அழைப்பினாலேயே வந்தவர்கள் ஒன்பது பேர். எஞ்சியவர்கள் முன்பே வாங்கியவர் சொல்லி வந்தவர்கள், பழுது பார்க்கப் போன இடத்தில் பார்த்தவர்கள், தாமாகவே விசாரித்தவர்கள். அந்த ஒன்பது பேர் பொய்யல்ல. முதல் இரண்டு ஆண்டுகளில், என்னை எவருக்கும் தெரியாதபோது, அவர்களில் ஆறு பேர் வந்தார்கள். அவர்கள் இல்லாமல் மற்றவர்களுக்கு என் பெயர் போயிருக்காது. பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து மூன்றே பேர். ஆனாலும் அத்தனை ஆண்டுகளும் நாள் தவறாமல் அழைத்தேன், உங்கள் பள்ளி விழாக்களுக்கு வராமல்கூட அழைத்தேன்.

ஆகவே உன் கேள்விக்கு நான் அன்றே எழுதியிருக்க வேண்டிய பதில் இது. பலன் தரும், மிகக் குறைவாகத் தரும், தொடக்கத்தில் தரும். காலையில் ஒரு மணி நேரம் அதற்கு வைத்துக்கொள், விசாரித்துத் தெரிந்துகொண்ட பெயர்களுக்கு மட்டும். அதற்கு முன், விவரம் கேட்டு எழுதியிருப்பவர்களுக்குப் பதில் சொல்லி முடி. பிறகு உன் மூன்று வாடிக்கையாளர்களிடமும் நேரில் போ. மென்பொருள் எப்படி இருக்கிறது, எங்கே இடிக்கிறது என்று கேட்டு, அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, இது யாருக்கெல்லாம் பயன்படும் என்று அவர்களிடமே கேள். கேட்பதில் குறைவில்லை. உன் அம்மா எனக்காகப் போய்க் கேட்டாள். எழுதி வை என்று முன்பே சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்.

அந்த எண்ணைச் சுவரிலிருந்து எடுத்துவிடு.

நீல அட்டை நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அந்த நாளுக்குரிய பக்கத்தில் 'ஆர்டர்' என்பதை அடித்துவிட்டு, நடந்ததை இரண்டு வரியில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கணக்கு அதிகாரியிடம் போனது செவ்வாய் அல்ல, புதன்கிழமை என்று திருத்தினாள்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: விலைக்கு வாங்கிய அந்தப் பட்டியலுக்கும், அந்த இருவரின் சம்பளத்துக்கும் இன்னும் ஏதாவது பாக்கி இருந்தால், எவ்வளவு என்று மட்டும் எனக்கு எழுது.