நீந்தாத மீனின் ஊரிலிருந்து

கிளாஸ்கோ,
ஸ்கொட்லாந்து,
தை 18.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவின் முழங்கால் நோ குறைந்தது எனக்குப் பெரிய ஆறுதல். வயல் வெட்டுத் தொடங்கினால் அவர் வட்டைக்குப் போகாமல் நிற்கமாட்டார், தெரியும். என்றாலும் சொல்லிப் பாருங்கள்.

போனில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "அந்த ஊரில் கவி எழுதுகிறவர்கள் இருக்கிறார்களா? எதைப் பற்றி எழுதுவார்கள்?" வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கேள்வி இரண்டு கிழமையாக என்னோடேயே திரிகிறது. போனில் சொன்னால் சிதறிப்போகும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்போது இங்கே பின்நேரம் நாலரைக்கே இருட்டிவிடும். ஆனி மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மழை நமது மாரி மாதிரிக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது. பொடிப்பொடியாக, குடைக்கும் அகப்படாமல், நாள் முழுக்க முகத்தில் வந்து ஒட்டும். அதற்கு இங்கே 'ஸ்மர்' என்று தனிச்சொல் இருக்கிறது. மப்பும் ஈரமும் குளிருமாக மனத்தைச் சோரவைக்கிற நாளுக்கு 'ட்ரீக்' என்று இன்னொரு சொல். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், காலையில் யன்னல் சீலையை விலக்கியதும் கட்டில்களிலிருந்து முதலில் கேட்பது அந்தச் சொல்தான்.

அங்கே ஒரு ஐயா இருக்கிறார். கிளைட் ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் யார்டில் வெல்டிங் வேலை செய்தவர். ஒரு நாள் இரவு நித்திரை வராமல் தன் ஊர்ப் பாட்டொன்றைச் சொன்னார். பறக்காத பறவை, வளராத மரம், அடிக்காத மணி, நீந்தாத மீன். கிளாஸ்கோ நகரச் சின்னத்தில் இந்த நான்கும் இருக்கின்றன. அந்த மீன் வாயில் மோதிரத்தோடு இருக்கும். எங்கள் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. கல்லடிப் பாலத்தடியில், பௌர்ணமிப் பறுவத்து இரவில், தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் இறக்கி மற்ற முனையில் காதை வைத்தால் கேட்கும் என்று செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "யார்டிலும் அப்படித்தான், தம்பி. இரும்பில் காதை வைத்தால் கப்பலின் அந்தப் பக்கத்தில் தட்டுகிறவன் யாரென்று தெரியும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த ஊர்க் கவிஞர்களைத் தேடிப் படித்தேன். லீவு நாட்களில் மிச்சல் நூலகத்துக்குப் போவேன். 1911இல் திறந்த பெரிய கட்டடம், வெளியே குளிர் எப்படி இருந்தாலும் உள்ளே சூடாக இருக்கும். எட்வின் மோர்கன் என்பவரை முதலில் எடுத்தேன். 1920இல் இங்கேயே பிறந்து, இங்குள்ள பல்கலைக்கழகத்திலேயே படிப்பித்து, 2010இல் காலமானவர். 1999இல் நகரம் அவரைத் தன் முதல் அரசவைக் கவிஞராக்கியது. நகர நடுவில் ஜோர்ஜ் சதுக்கம் என்று ஒரு இடம். ஒரு காலத்தில் அங்கே அந்தியானால் மைனா இனக் குருவிகள் ஆயிரக்கணக்கில் வந்து அடையுமாம். சத்தம் தாங்காமல் அவற்றைத் துரத்தப் பார்த்தார்கள். மோர்கன் குருவிகளின் பக்கம் நின்று எழுதினார். யார்டுகளை மூடப் பார்த்தபோது தொழிலாளர் வெளியேற மறுத்து உள்ளேயே வேலை செய்த 1971, 1972 காலத்தில், பாழடைந்த மாடி வீடுகளைப் பற்றிப் பத்துக் கவிதை எழுதினார். ஈரச் சுவரும் உடைந்த யன்னலும் அவற்றில் இருக்கின்றன. நான் தினமும் நடந்து போகிற தெரு அது என்பதால் படிக்கும்போதே கால் குளிர்ந்தது.

ஆனால் என்னை உலுக்கியவர் இன்னொருவர், டொம் லெனர்ட். 1969இல் ஆறு கவிதைகள் வெளியிட்டார். கிளாஸ்கோத் தெருவில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே, அந்த உச்சரிப்புக்கே எழுத்துக்கூட்டி. கண்ணால் படித்தால் ஒன்றும் விளங்காது. வாய்விட்டுப் படித்தேன், பஸ்ஸில் எனக்குப் பின்னால் இருக்கிறவர்கள் பேசுவது மாதிரிக் கேட்டது! மறுகா, அதற்குப் பிறகு, எழுதிய ஒரு கவிதையில் ஆறு மணிச் செய்தியை அந்தப் பேச்சிலேயே வாசிக்கிறார். உன்னைப் போல நான் பேசினால் நான் சொல்வது உண்மை என்று நீயே நம்பமாட்டாய் என்று செய்தி வாசிக்கிறவர் சொல்வதாக வரும். அன்றைக்கு நூலகத்தில் அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

ஏனென்று உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் கவிதைப் போட்டிக்கு நான் எழுதியதில் 'மறுகா' என்றும், திரும்பி என்பதற்குக் 'கிறுகி' என்றும் இருந்ததற்கு, கொச்சை என்று சிவப்பு மையால் வெட்டி ஒரு ஆசிரியர் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள்தான் நீலாவணனின் 'வேளாண்மை'யை எடுத்துத் தந்து, "இதையும் வெட்டச் சொல்லு பார்ப்போம்" என்றீர்கள். நமது வயற்பேச்சில் ஒரு காவியம்! வாவிக்கு மேற்கே நமது படுவான்கரையின் நெற்களமும் கதிர்ச் சூடும் நெற்பொலியும் அச்சில் இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இங்கே வந்த பிறகு கல்முனைப் பக்கத்துக் கடற்கரை ஊர்க் கவிஞர்களைப் பற்றி நிறைய யோசிக்கிறேன். பெரியநீலாவணையில் நீலாவணன், பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம், கல்முனைக்குடியில் நுஃமான், கல்முனையில் சோலைக்கிளி, சாய்ந்தமருதில் அனார். சைக்கிளில் ஒரு காலைக்குள் சுற்றிவரக்கூடிய தூரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி வரும் ஒற்றைத் தெரு. கோயில் மணியும் பாங்கும் ஒரே காற்றில் கேட்டு வளர்ந்தவர்களின் தமிழில் அந்த இரண்டும் இருக்கும். அங்கே கவி என்பது அச்சுக்கு முன்பே வயற்காவல் பரணில் இருந்தது. இரவுக் காவலில் ஒருவர் பாட அடுத்த வட்டையிலிருந்து இன்னொருவர் பதில் பாடுவார் என்று அப்பா சொல்வாரே, அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு நாலு வரிக்குள் ஒரு முழு விஷயத்தைச் சொல்லத் தெரியும். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு 'கடல்' என்று எழுத எங்கள் எல்லாருக்கும் கை நடுங்கியதும் அந்த ஊர் செய்ததுதான்.

நானும் கொஞ்சம் எழுதுகிறேன், அக்கா. கிளைட் ஆற்றைப் பற்றி எழுதத் தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே நமது வாவியின் மண்முனைத் துறை வந்துவிடுகிறது. 2014இல் பாலம் திறந்ததோடு நின்றுபோன பாதை, அந்த மிதவைப் படகு, வருகிறது. அதில் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் அப்பா வருகிறார். முன்பு அதைக் கிழித்துப் போடுவேன். இப்போது வருகிறபடி விடுகிறேன்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். போட்டிக்குப் பிள்ளைகள் எழுதிக் கொண்டுவருவதில் ஊர்ச்சொல் இருந்தால் தயவுசெய்து வெட்டாதீர்கள். நீங்கள் வெட்டமாட்டீர்கள், மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லுங்கள். அடுத்தது, அப்பா பாடும் காவல் கவிகளைப் போனில் பதிந்து அனுப்புங்கள். இருமல் வந்தாலும் பரவாயில்லை, நிறுத்தாமல் பதியுங்கள்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். தூறல் என்றும் சொல்லமுடியாத, பனி என்றும் சொல்லமுடியாத, சட்டையை நனைக்காமல் தோலை மட்டும் ஈரமாக்குகிற மழைக்கு வட்டையில் ஏதாவது பேர் இருந்ததா? மூன்று நாளாக ஒரு வரி அந்தச் சொல் இல்லாமல் நிற்கிறது.

அன்புடன்,
தம்பி