மின்னஞ்சல் நேர்காணல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எழுத்தாளர் நேர்காணல்கள் பலவும் இப்போது மின்னஞ்சலிலேயே எடுக்கப்படுகின்றன. அதில் தவறில்லை. மலையகத்தில் பொகவந்தலாவையிலிருந்து பசறைக்கு பஸ்ஸில் போய் ஒருவரைப் பார்ப்பதென்றால் பொழுதே போய்விடும். ஆனால் இருபது கேள்விகளை ஒரே மூச்சில் அனுப்பி, வந்த பதிலை அப்படியே போடுவது பரீட்சை வினாத்தாள் மாதிரிதான் இருக்கிறது.

ஒரு சிற்றிதழுக்காக நானும் இந்த வேலையைச் செய்கிறேன். முதலில் மூன்று கேள்விகள்தான் அனுப்புவேன், பதில் வந்த பிறகே அடுத்தவை. மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தன் சித்தப்பா குடும்பம் இந்தியா போனதை ஒருவர் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருந்தார். அடுத்த மடலில் அதை மட்டுமே கேட்டேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தைப் பூட்டியதிலிருந்து தலைமன்னாரில் கப்பல் ஏறியது வரை எழுதி அனுப்பினார். தன் சிறுகதைகளைப் பற்றி அவர் சொன்னதை விட அதுதான் உயிரோடு இருந்தது.

அப்புறம், திருத்துகிற வேலை. மூத்தவர்கள் சிலர் இன்னும் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றினால் வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட வேண்டும், பொறுமை போய்விடும். பிழை திருத்தலாம், நீளம் குறைக்கலாம், சரி. ஆனால் அண்மையில் ஒரு வார இதழ், எங்கள் பக்கத்து எழுத்தாளர் சம்பளப் போராட்டம் பற்றிச் சொன்னதை வெட்டி, விருது பற்றிய கேள்விக்குக் கீழே ஒட்டியிருந்தது. பாவம், விருது கிடைக்காத கோபத்தில் பேசுபவர் போல ஆகிவிட்டார்.

அச்சுக்குப் போகுமுன் இறுதி வடிவத்தை எழுத்தாளருக்கு அனுப்பி, இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள். 'மின்னஞ்சல் வழி நேர்காணல்' என்று தலைப்புக்குக் கீழே போடவும் தயங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.