ஐந்து எண்களோடு நின்றுவிடும் ஆய்வகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி அறிவியல் பட்டப்படிப்பில் முதலில் எந்த நிரல்மொழியைக் கற்பிப்பது, சி-யா, ஜாவாவா, பைத்தானா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எந்த மொழியில் தொடங்கினாலும் ஆய்வகத்தில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். நிரலை எழுதுகிறார்கள், ஐந்து எண்களைத் தட்டுகிறார்கள், விடை சரியாக வந்ததும் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஐந்து எண்களுக்குத் தப்பான நிரல்கூடச் சரியாக ஓடிவிடும். மொழியைப் பற்றிய கவலையை விட இந்த ஐந்தைப் பற்றிய கவலைதான் எங்களுக்குப் பெரிது.

முதல் வாரப் பயிற்சியையே பாருங்கள்: ஒன்று தொடங்கி, கொடுத்த எண் வரை கூட்டுவது. 5 கொடுத்தால் 15. எல்லோருக்கும் வரும். சி-யில் கூட்டுத்தொகையை ‘இன்ட்’ (முழு எண் வகை) என்று அறிவித்திருந்தால், இன்றைய கணினிகளில் பெரும்பாலும் அது 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. 65,535 வரை கூட்டினால் 2,14,74,50,880 வருகிறது; சரியான விடை, மயிரிழையில் அடங்கிவிட்டது. அடுத்த எண்ணான 65,536-ஐக் கொடுத்தால், அதே இலக்கங்கள் முன்னால் மைனஸ் குறியோடு வரும். மைனஸைப் பார்த்ததும் மாணவர் திடுக்கிட்டு நிரலைத் திருப்பிப் பார்ப்பார். ஆனால் 10 லட்சம் கொடுத்தால் வருவது 1,78,42,93,664. பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத எண். உண்மையான விடையோ 50,000 கோடியே 5 லட்சம்! இதை மைனஸ் காட்டிக்கொடுக்காது. கூட்டுத்தொகைக்கான வாய்பாட்டால் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடும் பழக்கம்தான் காட்டிக்கொடுக்கும். (ஜாவாவில் இந்த எண்கள் உறுதியாக இப்படியே வரும். சி-யில் இப்படி எண் வரம்பை மீறி வழிந்தால் என்ன வரும் என்பதற்கு மொழி உத்தரவாதம் தருவதில்லை. வழக்கமாக வருவது இதுதான். பைத்தானின் முழு எண்ணுக்கு இந்த வரம்பே கிடையாது.)

இது முதலாண்டுக்காரர்கள் மட்டும் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே (வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) இதே வழிதல் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா ப்ளாக்கே 2006-இல் அதை விளக்கி எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்பது பாடநூல் வழி. அணியில் (எண்களை வரிசையாக வைத்த தொகுப்பில்) ஏறத்தாழ 107 கோடிக்கும் மேல் உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டல் வழிந்துவிடக்கூடும். மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, அதில் பாதியைக் கீழ் எல்லையோடு சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது.

வரிசைப்படுத்தும் பயிற்சிக்கு வருவோம். ஐந்து எண்களில் பபிள் சார்ட்டுக்கும் (அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றுவது) மெர்ஜ் சார்ட்டுக்கும் (பாதி பாதியாகப் பிரித்து வரிசைப்படுத்தி இணைப்பது) வேறுபாடு தெரியவே தெரியாது. ஒரு லட்சம் எண்களைக் கொடுத்தால் பபிள் சார்ட் செய்யும் ஒப்பீடுகள் ஏறத்தாழ 500 கோடி. மெர்ஜ் சார்ட்டுக்கு 17 லட்சத்துக்குள் முடிந்துவிடும். இந்த இடைவெளியைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதும், மாணவரே திரையின் முன் காத்துக் கிடந்து உணர்வதும் ஒன்றல்ல. குவிக் சார்ட்டில் முதல் உறுப்பையே பிவட்டாக (மற்றவற்றை ஒப்பிட்டுப் பிரிக்கும் எண்ணாக) வைத்து எழுதியவருக்கு, ஏற்கெனவே வரிசையில் உள்ள ஒரு லட்சம் எண்களைக் கொடுங்கள். அதுவும் 500 கோடி ஒப்பீடுகளுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு நிரலில் அந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷன் தன்னைத் தானே ஒரு லட்சம் ஆழத்துக்கு அழைத்து ஸ்டாக்கை (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகப் பகுதியை) நிரப்பிவிடக்கூடும்.

ஸ்டாக் என்றதும் இன்னொன்று. ஃபங்ஷனுக்குள் 10 லட்சம் இன்ட் கொண்ட அணியை அறிவித்தால் அதற்கு 40 லட்சம் பைட் வேண்டும். லினக்ஸில் ஸ்டாக் பொதுவாக 8 எம்.பி.; நிரல் ஓடும். விண்டோஸில் வழக்கமான அளவு 1 எம்.பி.; அதே நிரல் தொடங்கியதுமே விழுந்துவிடும். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்று மாணவர் சொன்னால் அது பொய்யல்ல, அவருக்குக் காரணம் தெரியவில்லை, அவ்வளவுதான். மாலாக் என்னும் சி ஃபங்ஷன் மூலம் ஹீப் எனும் வேறு நினைவகப் பகுதியில் இடம் கேட்டால் இரண்டிலும் ஓடும்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஆய்வகத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரே எண்ணியை இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் பகுதிகள்) ஐந்தைந்து முறை கூட்டினால் விடை அநேகமாக எப்போதும் 10-தான். இரண்டாவது த்ரெட் தொடங்குவதற்குள் முதலாவது முடிந்துபோவதே காரணம். ஒரு த்ரெட் கூட்டும்போது மற்றது குறுக்கிடாதபடி பூட்டு போட மறந்தவரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார். ஆளுக்கு 10 லட்சம் முறை கூட்டச் சொல்லுங்கள்: 20 லட்சத்துக்குக் குறைவாக, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண் வரும். இதைச் செய்யும்போது கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) ஆப்டிமைசேஷனை, அதாவது வேகப்படுத்தும் மாற்றங்களை, அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது சுழற்சி முழுவதையும் ஒரே கூட்டலாகச் சுருக்கிவிடும். பிழை மறுபடி ஒளிந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் புதிய பாடத்திட்டம் தேவையில்லை. மூன்று மணி நேர ஆய்வகத்தில் கடைசி நாற்பது நிமிடம் ஒதுக்கினால் போதும். உள்ளீட்டைக் கையால் தட்டாமல், ரேண்டம் எண்களை உருவாக்கும் சிறு நிரலை மாணவரே ஒருமுறை எழுதிவைத்துக்கொள்ளட்டும். சீட் மதிப்பை (ரேண்டம் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை) குறித்துவைக்க வேண்டும். தவறினால், கண்ணில் பட்ட பிழையை மறுபடி வரவழைக்க முடியாது. முதலில் வெற்று அணி, ஒரே உறுப்பு, எல்லாம் ஒரே எண், ஏறுவரிசை, இறங்குவரிசை ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். விடையைக் கண்ணால் சரிபார்ப்பதும் வேண்டாம். மொழியின் நூலகத்தில் உள்ள சார்ட் தரும் விடையோடு நிரலே ஒப்பிடட்டும். பிறகு 10,000, 20,000, 40,000 என்று இரட்டித்துக்கொண்டே போய் நேரத்தை அளக்க வேண்டும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் நேரம் நான்கு மடங்கானால் அது இருபடி வளர்ச்சி, பபிள் சார்ட்டின் வகை. இரண்டு மடங்குக்குச் சற்று மேலே நின்றால் மெர்ஜ் சார்ட்டின் வகை. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: திரையில் அச்சிடும் நேரத்தையும் சேர்த்து அளந்துவிடுகிறார்கள். அச்சிடுவதே அதிக நேரத்தை விழுங்கிவிடுவதால் இரண்டு நிரல்களும் ஒரே வேகத்தில் ஓடுவதுபோல் தெரியும். கடிகாரத்தை அச்சுக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

இந்த நாற்பது நிமிடத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. அல்காரிதத்தையும் நிரலையும் கையால் ரெக்கார்டில் படியெடுக்கும் வேலையை நிறுத்தினால் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். ரெக்கார்டில் அந்த இடத்தில் ஓர் அட்டவணை இருக்கட்டும்: எந்த அளவில் எவ்வளவு நேரம், எந்த அளவில் நிரல் உடைந்தது, ஏன் உடைந்தது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் வரையறை கேட்பதற்குப் பதிலாக அந்த அட்டவணையில் ஒரு வரியைத் தொட்டு, 65,535-இல் சரியாக வந்தது 65,536-இல் ஏன் வரவில்லை என்று கேட்கலாம். படியெடுத்த ரெக்கார்டை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆய்வகப் பயிற்றுநர்கள்