சாட்சிக்கு யார் போன் செய்வது? குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். கேஸ் கட்டு எடுத்து வைப்பது, குற்றப்பத்திரிகையோடு வந்த ஆவணங்களைப் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பது, வாய்தா தேதிகளை டைரியில் ஏற்றுவது, ஆய்வக அறிக்கை வராத வழக்குகளுக்கு நினைவூட்டல் கடிதம் தட்டச்சு செய்வது என்று என் வேலைகளுக்குக் கணக்கு உண்டு. எந்தக் கணக்கிலும் வராத ஒரு வேலையைப் பற்றித்தான் இந்த மடல். அரசுத் தரப்புச் சாட்சிகளுக்குப் பதில் சொல்லும் வேலை.

கோர்ட்டுக்கு வரும் சாட்சியின் கையில் ஒரு சம்மன் இருக்கும். வழக்கு எண், தேதி, காலை பத்தரை மணி என்று போட்டிருக்கும். எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்காது. கோர்ட் டியூட்டி காவலர் கண்ணில் படாவிட்டால், விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வந்து நிற்பார். பி.பி. சார் (அரசு வழக்கறிஞர்) உள்ளே வேறொரு வழக்கில் குறுக்கு விசாரணையைக் கவனித்துக்கொண்டிருப்பார். அறையில் இருப்பது உதவியாளர்தான்.

மகஜர் சாட்சிகளின் நிலைமைதான் இருப்பதிலேயே பாவம். அவர்கள் குற்றத்தைப் பார்த்தவர்கள் அல்ல. போலீஸ் வந்து இடத்தைப் பார்வையிட்டபோதோ பொருளைக் கைப்பற்றியபோதோ பக்கத்தில் நின்றதால் கையெழுத்துப் போட்டவர்கள். "எப்பவோ ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க சார், அதுக்கா இப்ப கூப்பிட்டிருக்காங்க?" என்று சம்மனை நீட்டுவார் ஒருவர். மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்திருக்கும். தன் பெயருக்கு மேலே இருக்கும் 'அரசு' என்கிற சொல்லைப் பார்த்து, தானும் ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்டதாகவே பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்கு அதை விளக்கி உட்கார வைத்தால், மதியத்துக்கு மேல் தெரிகிறது: இன்றைக்கு விசாரணை இல்லை, வாய்தா.

அதில் கொடுமை என்னவென்றால், பல நாட்களில் அது வாய்தா ஆகப்போகிறது என்று எங்களுக்கு முந்தைய நாள் மாலையே தெரிந்திருக்கும். நீதிபதி விடுப்பு, வழக்கறிஞர்கள் புறக்கணிப்பு, தடயவியல் அறிக்கை இன்னும் வரவில்லை, சிறையிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து வர வழிக்காவல் இல்லை என்று காரணம் ஏதாவது இருக்கும். பி.பி.க்குத் தெரியும், எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியும், பெஞ்ச் கிளார்க்குக்குத் தெரியும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வரும் ஆளுக்கு மட்டும் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று எந்த உத்தரவும் இல்லை.

சட்டம் சாட்சியை மறந்துவிடவில்லை. சாட்சி வந்து நிற்கும்போது விசாரிக்காமல் ஒத்திவைக்கக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் அதற்கான சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆவது பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தின் 309-ஆவது பிரிவும் அதையேதான் சொன்னது. 2000-ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், சாட்சிகள் நாள் முழுக்கக் காத்துக்கிடந்து வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவதையும், அவர்களுக்கு உட்கார இடமோ குடிக்கத் தண்ணீரோ இல்லாததையும் மனம் வெதும்பி எழுதியது. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மனை உரியவரிடம் சேர்ப்பதற்காக முகவரி, மின்னஞ்சல், கைபேசி எண் ஆகியவற்றைக் காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது அதன் 64-ஆவது பிரிவு. புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193. நல்லது. ஆனால் வழக்கு விசாரணைக்கு வந்த பிறகு, 'நாளைக்கு வர வேண்டாம்' என்ற ஒரு வரியைச் சொல்லும் பொறுப்பு யாருடையது? 20-ஆவது பிரிவு உங்கள் இயக்ககத்துக்கு வழக்குகளைக் கண்காணிக்கும் அதிகாரத்தைத் தண்டனைக் காலவாரியாகப் பிரித்தே கொடுத்திருக்கிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகள் நேரடியாகத் தங்கள் பார்வையில் வருகின்றன. அதனால்தான் தங்களுக்கே எழுதுகிறேன்.

பிறழ்சாட்சி, அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவர், என்றதும் பணமும் மிரட்டலும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அவை இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகத்தான் 2018-இல் மகேந்தர் சாவ்லா வழக்கில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் ஏற்கப்பட்டது, இப்போது 398-ஆவது பிரிவாகவும் வந்திருக்கிறது. ஆனால் யாரும் மிரட்டாமலே பிறழ்பவர்களும் உண்டு. அலைந்து அலைந்து சலித்துப்போய், கூண்டில் ஏறியதும் "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறவர்கள். அதோடு தொல்லை விட்டது என்பது அவர்கள் கணக்கு. அவரைத் திட்டி என்ன பயன்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் ஓர் அலுவலகக் கைபேசி, ஒரு பதிவேடு, இந்த வேலை உதவியாளருடையது என்று சொல்லும் ஒரு சுற்றறிக்கை. முந்தைய நாள் மாலை சாட்சிக்கு அழைப்பு போக வேண்டும்: நாளை விசாரணை உண்டா இல்லையா, எந்த நீதிமன்றம், அடையாள அட்டை கொண்டு வாருங்கள். அவ்வளவுதான். இப்போதும் சில உதவியாளர்கள் மனசு கேட்காமல் சொந்த போனிலிருந்து கூப்பிடுகிறார்கள். அது ஆபத்து. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியாவதே குற்றம். அப்படிப்பட்டவர்களின் எண்கள் ஓர் ஊழியரின் சொந்த போனில், குடும்பப் படங்களுக்கு நடுவில் கிடக்கலாமா?

ஆட்சேபனை என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "பி.பி. ஆபீஸில் சொல்லிக்கொடுத்துதானே வந்து சாட்சி சொல்கிறீர்?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். கேட்கட்டும். இந்தக் கேள்வியை இப்போதும்தான் கேட்கிறார்கள். பேச வேண்டியதை நான்கு வரியில் அச்சடித்துக் கொடுங்கள். அதற்கு மேல் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அழைத்த நேரமும் சொன்ன செய்தியும் பதிவேட்டில் இருக்கட்டும். கோர்ட் கேட்டால் அதையே எடுத்து நீட்டலாம். காவல் நிலையம் வழியாகவே சொல்லி அனுப்பினால் போதாதா என்றும் கேட்கலாம். காவலர் வீட்டு வாசலில் வந்து நின்றால் தெருவே எட்டிப் பார்க்கிறது. சிலர் அதற்குப் பயந்தே சாட்சி சொல்ல மறுக்கிறார்கள்.

சாட்சிப் படி பற்றியும் ஒரு வார்த்தை. 350-ஆவது பிரிவின்படி நியாயமான செலவை அரசு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். கேட்கத் தெரிந்தவர் வாங்கிக்கொண்டு போகிறார்; தெரியாதவர் கைக்காசு போட்டு வீடு போய்ச் சேருகிறார். அதற்கான படிவம் எங்கள் மேசையிலேயே இருந்து, வந்தவருக்கு நாங்களே நிரப்பிக் கொடுக்கலாம் என்று அதே சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எல்லா நீதிமன்றங்களிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. முதலில் செஷன்ஸ் வழக்குகளில் மட்டும் ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். பதிவேட்டுக்கான மாதிரிப் பக்கம் ஒன்றை வரைந்து எங்கள் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். கேட்டால் உரிய வழியில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
அரசு குற்றவியல் வழக்கறிஞர் அலுவலக உதவியாளர் ஒருவர்