கார்பன் விலையோடு வட்டியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காலநிலைக் கொள்கை, கார்பன் சந்தை, நிறுவனங்களின் நிதி ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராயும் ஒரு பொருளாதார அறிஞரைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்கக் கார்பன் விலை ஏறினால் என்ன ஆகும், இறங்கினால் என்ன ஆகும் என்றே போய்விட்டது. நிறுவனங்களின் நிதி பற்றிக் கடைசியில் இரண்டே வரி. என்னைக் கேட்டால் அந்த ஆராய்ச்சியின் உயிர்நாடியே அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், புதிய இயந்திரங்களுக்கு வங்கிக் கடன் கேட்கும் விண்ணப்பங்களைத் தயார் செய்வது என் வேலை. அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கார்பன் சந்தையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆலைகள் வெளிவிடும் மொத்தக் கார்பன் புகைக்கு, அதாவது உமிழ்வுக்கு, அரசு ஓர் உச்சவரம்பு வைக்கிறது, அந்த அளவுக்கு அனுமதிகளை வெளியிடுகிறது, மிச்சம் பிடித்தவர் விற்கலாம், தேவைப்படுபவர் வாங்கலாம். ஒரு டன்னுக்கான அனுமதி விற்கும் விலைதான் கார்பன் விலை. ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் தொடங்கிய சந்தையை ஆராய்ந்தவர்கள், அதில் சேர்ந்த நிறுவனங்களின் உமிழ்வு 2012-க்குள் சுமார் 10 சதவீதம் குறைந்ததாகவும், அதனால் அவற்றின் லாபமோ வேலைவாய்ப்போ அடிவாங்கவில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். தொழில் அழிந்துவிடும் என்று பயமுறுத்துபவர்களுக்கு இந்த ஒரு முடிவே போதும்.

ஆனால் இது சராசரிக் கணக்கு. ஆலைக்குள் முடிவெடுக்கும் மேசையில் சராசரி உட்காருவதில்லை, அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும் கடனின் வட்டிதான் உட்காருகிறது. புரிவதற்காக நானே போட்ட ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். ஓர் உலையை மாற்ற 10 கோடி யூரோ செலவு, மாற்றினால் வருடத்துக்கு 1 லட்சம் டன் கார்பன் மிச்சம், புது உலை 20 வருடம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன்னுக்கு 80 யூரோ விலை என்றால் வருடத்துக்கு 80 லட்சம் யூரோ மிச்சமாகும். 4 சதவீத வட்டிக்குப் பணம் கிடைக்கும் பெரிய நிறுவனத்துக்கு அந்த 20 வருட மிச்சத்தின் இன்றைய மதிப்பு (வரப்போகும் பணத்திலிருந்து வட்டியைக் கழித்துப் பார்த்தால் இன்று அது பெறும் தொகை) 10.9 கோடிக்குக் கொஞ்சம் குறைவு, மாற்றிவிடலாம், லாபம்தான். 10 சதவீதம் கொடுத்தால்தான் கடன் என்ற நிலையில் இருக்கும் நிறுவனத்துக்கு அதே மிச்சம் 6.8 கோடிதான் பெறும், 10 கோடி போட்டு 6.8 கோடி எடுக்க எந்த நிர்வாகக் குழுவும் கையெழுத்துப் போடாது. இன்னொரு விதமாகப் பார்த்தால், முதல் நிறுவனம் உலையை மாற்ற 74 யூரோ கார்பன் விலை போதும், இரண்டாவதற்கு 117 யூரோவுக்கு மேல் வேண்டும். அதே உலை, அதே புகை, அதே சட்டம். வித்தியாசம் வட்டியில் மட்டும்தான்.

இது காகிதக் கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியா மாநிலத்தின் கார்பன் சந்தை 2013-ல் நடைமுறைக்கு வந்தபோது என்ன நடந்தது என்று ஸோன்கே பார்ட்ராம், கெவெய் ஹோ, செஹூன் கிம் என்ற நிதித்துறை ஆய்வாளர்கள் மூவரும் ஆலை ஆலையாகப் பார்த்தார்கள்; ஆய்வு 2022-ல் வெளியானது. நிதி நெருக்கடியில் இருந்த நிறுவனங்கள் கலிஃபோர்னியாவில் உற்பத்தியைக் குறைத்துவிட்டு, வேறு மாநிலங்களில் முழுத்திறனில் ஓடாமல் கிடந்த தங்கள் ஆலைகளுக்கு அதை நகர்த்தின. உமிழ்வும் கூடவே நகர்ந்தது. கையில் பணம் தாராளமாக இருந்த நிறுவனங்கள் அப்படிச் செய்யவில்லை. மொத்தத்தில் பார்த்தால் அந்த நிறுவனங்களின் உமிழ்வு குறையவே இல்லை. கலிஃபோர்னியாவின் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குக் கொள்கை வெற்றி, காற்றுக்கு ஒன்றும் மாறவில்லை. இந்த ஆய்வை உங்கள் கட்டுரை தொட்டிருந்தால் வாசகர்களுக்கு நிதி என்ற சொல் ஏன் அங்கே வருகிறது என்று சட்டென்று புரிந்திருக்கும்.

அடுத்தது விலையின் ஆட்டம். ஐரோப்பியச் சந்தையின் முதல் கட்டத்தில் தேவைக்கு மேல் அனுமதிகள் கொடுத்துவிட்டார்கள், அவற்றை அடுத்த கட்டத்துக்குச் சேமித்து வைக்கவும் முடியாது, ஆகவே 2007-ல் விலை ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு வந்தது. பிறகு 2008 பொருளாதார நெருக்கடியில் உற்பத்தி விழுந்து அனுமதிகள் குவிந்துபோய், 2013-ல் ஒரு டன் 5 யூரோவுக்கும் கீழே கிடந்தது. உபரி அனுமதிகளை உறிஞ்சிக்கொள்ளும் இருப்பு ஏற்பாடு 2019-ல் வந்தது, அதற்கு முந்தைய ஆண்டே ஏறத் தொடங்கியிருந்த விலை 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தாண்டியது. இப்போது 20 வருடக் கடன் கொடுக்கும் வங்கி அதிகாரியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வருமானமாக நான் காட்டுவது கார்பன் மிச்சத்தை, அதன் விலையோ பதினாறு வருடத்தில் பூஜ்ஜியத்திலிருந்து நூறுக்குப் போயிருக்கிறது, நாளை ஓர் அரசு மாறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவர் அந்த வருமானத்தைப் பாதியாக வெட்டித்தான் கணக்கில் எடுப்பார், அல்லது வட்டியைக் கூட்டுவார். நிறுவனமோ இன்னும் ரெண்டு வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும். விலை சராசரியாக எவ்வளவு என்பதைப் போலவே அது எவ்வளவு நிலையாக இருக்கிறது என்பதும் முதலீட்டை முடிவு செய்கிறது.

இலவச அனுமதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பொதுவாக மானியம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். ஐரோப்பாவில் நீண்ட காலம் இருந்த விதிப்படி, அந்த ஆண்டுக்கான இலவச அனுமதிகள் பிப்ரவரி 28-க்குள் கைக்கு வந்துவிடும். போன ஆண்டு உமிழ்வுக்கான அனுமதிகளை ஒப்படைக்கக் கடைசி நாளோ ஏப்ரல் 30 ஆக இருந்தது. கவனியுங்கள், நடுவில் இரண்டு மாதம். போன ஆண்டு கிடைத்ததை விற்றுப் பணமாக்கிக்கொண்டு, புதிதாக வந்ததைக் கொடுத்துப் பழைய கடமையை முடித்துவிடலாம். வங்கிப் பக்கமே போகாமல், வட்டியே இல்லாமல் ஒரு வருடக் கடன். பணமுடை உள்ள ஒரு நிதி மேலாளருக்கு உமிழ்வு அனுமதி என்பது சுற்றுச்சூழல் ஆவணம் ஆவதற்கு முன்னால் அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனமாகிவிடுகிறது. அப்படி விற்று வந்த பணம் உலையை மாற்றப் போனதா, சம்பளத்துக்கும் பழைய கடனுக்கும் போனதா என்று வெளியில் இருப்பவர் கண்டுபிடிப்பது கஷ்டம். காரணம் கணக்கியல். உமிழ்வு அனுமதிகளை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று சர்வதேசக் கணக்கியல் விளக்கக் குழு 2004 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது, கடும் எதிர்ப்பு வந்ததால் 2005 ஜூனிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு அதற்கென்று தனி விதி வரவில்லை. ஒருவர் சொத்தாகச் சந்தை மதிப்பில் காட்டுகிறார், இன்னொருவர் இலவசமாக வந்தது தானே என்று பூஜ்ஜியம் போடுகிறார். இரண்டு நிறுவனங்களின் பேலன்ஸ் ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஒப்பிட முடியாது. இவ்வளவு பெரிய சந்தைக்கு இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

முதலீட்டாளர்கள் பக்கம் வந்தால் விவாதம் இன்னும் சூடாக இருக்கிறது. அதிகம் உமிழும் நிறுவனங்களின் பங்குகளில் கூடுதல் வருவாய் கிடைக்கிறது, அதாவது கார்பன் ஆபத்துக்கு முதலீட்டாளர்கள் விலை கேட்கிறார்கள் என்று பேட்ரிக் போல்டன், மார்சின் காப்பர்சிக் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2021-ல் எழுதினார்கள். நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட உமிழ்வுத் தரவை மட்டும் எடுத்து, தரவு விற்பவர்கள் மதிப்பிட்டுச் சேர்த்த எண்களை விலக்கினால் அந்தத் தொடர்பு காணாமல் போகிறது என்று வேறு சிலர் மறுத்தார்கள். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சாமுவேல் ஹார்ட்ஸ்மார்க், கெல்லி ஷூ இருவரின் ஆய்வு. மாசுபடுத்தும் நிறுவனத்துக்கு மூலதனம் திரட்ட ஆகும் செலவு, அதாவது வட்டி போன்றவை, ஏறினால் அது சுத்தமாவதில்லை, மேலும் மாசாகிறது என்கிறார்கள். ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் நிறுவனத்துக்கு மலிவாகப் பணம் கொடுத்தாலும் பெரிய மாற்றமில்லை, குறைப்பதற்கு அங்கே அதிகம் இல்லையே. கடன் விண்ணப்பம் எழுதுகிற எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வட்டி ஏறினால் முதலில் வெட்டுப்படுவது நீண்ட நாள் கழித்துப் பலன் தரும் திட்டம்தான், பழைய உலையை இன்னும் நாலு வருடம் ஒட்டுப்போட்டு ஓட்டுவதுதான் கைக்காசுக்கு உடனே உதவும். புகை விடும் நிறுவனங்களிலிருந்து பணத்தை எடுத்துவிட்டோம் என்று நிதியங்கள் அறிவிக்கும்போது உங்கள் நாளிதழும் அதை நல்ல செய்தியாகவே வெளியிடுகிறது. அந்தப் பணம் வெளியேறிய பிறகு அந்த ஆலை என்ன ஆனது என்று ஒரு முறையாவது கேட்டுப் போடுங்கள்.

வேறு எங்கோ ஒரு திட்டம் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றிதழை, அதாவது கார்பன் கிரெடிட்டை, வாங்கித் தன் உமிழ்வை ஈடுகட்டுவது பற்றிக் கட்டுரையில் நம்பிக்கையோடு எழுதியிருந்தீர்கள். இந்தியாவின் 1,350 காற்றாலைத் திட்டங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், கியோட்டோ என்ற சர்வதேசக் காலநிலை ஒப்பந்தத்தின் வழியே அங்கீகரிக்கப்பட்ட கிரெடிட்களில் குறைந்தது 52 சதவீதம், அந்த உதவி இல்லாவிட்டாலும் கட்டப்பட்டிருக்கக்கூடிய ஆலைகளுக்கே போயிற்று என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது அந்தக் கிரெடிட்டைக் காட்டி எங்கோ ஓர் ஆலை கூடுதலாகப் புகை விட்டது, இந்தப் பக்கம் அதற்கு ஈடாக எதுவும் குறையவில்லை. இங்கேயும் கேள்வி அதேதான்: அந்தப் பணம் இல்லாமல் இந்தத் திட்டத்துக்குக் கடன் கிடைத்திருக்குமா, கிடைத்திருக்காதா?

சரி, என்ன செய்யலாம்? கார்பன் விலை நிர்ணயத்தின் மூலம் உலக அரசுகளுக்கு 2023-ல் வந்த வருமானம் 100 பில்லியன் டாலரைத் தாண்டியது என்று உலக வங்கி சொல்கிறது. அதில் ஒரு பங்கைக் கடன் உத்தரவாதமாக மாற்றி, 10 சதவீதத்தில் நிற்கும் நிறுவனத்தை 4 சதவீதம் வரை இறக்கினால், கார்பன் விலையை ஒரு யூரோகூட ஏற்றாமலே நிறைய உலைகள் மாறும். ஜெர்மனி 2024-ல் இன்னொரு வழியைத் தொடங்கியது. ஆலையோடு அரசு 15 வருட ஒப்பந்தம் போடுகிறது, சுத்தமான உற்பத்திக்கு ஆகும் கூடுதல் செலவைக் கார்பன் விலை ஈடுகட்டாத வரை வித்தியாசத்தை அரசு தரும், விலை அதைத் தாண்டி ஏறிவிட்டால் ஆலை அரசுக்குத் திருப்பித் தரும். இப்படி ஓர் ஒப்பந்தத்தை விண்ணப்பத்தோடு இணைத்தால் வங்கி அதிகாரியின் முகம் எப்படி மாறும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரசுக்குச் செலவு கூடுமே, பெரிய நிறுவனங்களே இதையும் அள்ளிக்கொண்டு போகுமே என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் யாருக்கு எவ்வளவு போனது என்பது நிறுவனம் வாரியாக வெளிப்படையாக இருக்க வேண்டும், கணக்கில் காட்டும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. இந்த ஆராய்ச்சியின் நிதிப் பகுதியை மட்டும் எடுத்து, முடிந்தால் அந்த அறிஞரையே கேட்டு, இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள். அப்புறம், வணிகப் பக்கத்தில் கார்பன் விலையைப் போடும்போதெல்லாம், அந்த விலையில் உலையை மாற்றும் நிறுவனங்களுக்கு என்ன வட்டியில் கடன் கிடைக்கிறது என்பதையும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்